ஆறு விரல் வீட்டுக் கை

நாலு பேர் இருக்கும் இடத்தில் நான் மூக்குக்கண்ணாடி போடுவதில்லை. படிக்கிற கண்ணாடிதான். நாற்பத்தாறு வயதில் டாக்டர் எழுதிக் கொடுத்தார். வீட்டில், என் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு போடுவேன். மில்லிலோ கூட்டத்திலோ யாராவது காகிதத்தை நீட்டினால் தள்ளிப் பிடித்து ஒரு பார்வை பார்ப்பேன், கையெழுத்துப் போட்டுவிடுவேன். என் அப்பா எழுபத்தெட்டு வயது வரை கண்ணாடி இல்லாமல் இருந்தவர். அவர் உட்கார்ந்த நாற்காலியில் இருந்துகொண்டு நான் கண்ணாடியைத் தேடித் துடைத்துக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர், அன்றைக்கு நான் கண்ணாடி போட்டிருந்தால் அந்தச் சுவரொட்டி அச்சாகியிருக்காது. அது அச்சாகாமல் இருந்திருந்தால் சீனியம்மாளுக்கு இந்த வருடம் பதினான்கு வயது. நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டியதில்லை. நானே வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் உக்கிரபாண்டி. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டை ஆறு விரல் வீடு என்பார்கள். தாத்தாவுக்கு, அப்பா வீரணனுக்கு, எனக்கு, என் ஒரே மகன் சுந்தரபாண்டியனுக்கு, நான்கு தலைமுறையாக வலது கையில் சுண்டுவிரலை ஒட்டி இன்னொரு விரல். வெறும் சதைத் தொங்கல் இல்லை. எலும்பும் நகமும் உள்ள விரல். வேறு வீடுகளில் இப்படிப் பிறந்தால் மறைப்பார்கள். எங்கள் வீட்டில் மூன்றாம் வயதில் அந்த விரலுக்கு ஒரு தங்க மோதிரம் போட்டு, அய்யனார் கோவிலுக்குப் போய்க் கிடா வெட்டி, சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சோறு போடுவோம். சோழபுரத்தில் எங்கள் நிலத்தில் வேலை பார்த்தவர்கள் அப்பாவைக் கும்பிடும்போது அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். கையைத்தான் பார்ப்பார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள வெள்ளத்தாய் குழந்தைகள் காப்பகம் என் தாயார் பெயரில் அப்பா ஆரம்பித்தது. அவருக்குப் பிறகு நான் தலைவர். 1991-இல் அங்கே முப்பத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். இருபது வருடமாக நடக்கிற காப்பகம். ஆனால் ஊருக்கு அது இருப்பதே நினைவில்லை. கல்யாண வீட்டில் சாம்பார் மிஞ்சினால் மட்டும் நினைவு வரும். இதை நிர்வாகக் குழுவில் பேசினோம். எங்கள் மில் காலண்டர்களை அச்சடிக்கும் பொன்னுராஜ், சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு வந்திருந்த தன் அண்ணன் மகனை அழைத்து வந்தார். அவன்தான் சேதுபதி. இப்போது மனுக் கொடுத்திருப்பவன்.

"அய்யா, சாதாரண அச்செழுத்துல போட்டா எவனும் நிக்க மாட்டான்" என்றான் அவன். "நம்ம ஊர்ல தூரத்துல பாத்தாலே தெரிஞ்சுரும், இது காதுகுத்து, இது கருமாதி, இது சினிமான்னு. யாரும் படிக்கிறதில்ல. படிக்க வைக்கணும்னா எழுத்து எழுத்தா இருக்கக் கூடாது."

"பொறவு என்னவா இருக்கணும்?"

"கையா இருக்கணும்."

பொன்னுராஜ் சிரித்தார். "அஞ்சு வருசம் மெட்ராஸ்ல சாப்பிட்டுட்டு வந்து இதைத்தான்யா சொல்லுதான். நான் வச்சிருக்க அம்புட்டு எழுத்தையும் பேரீச்சம்பழக்காரன்ட்ட போடுன்னு எங்கிட்டயே சொல்லுத பய இவன்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. விளக்கிச் சொன்னான். பிள்ளைகளின் உள்ளங்கையில் அச்சு மையை உருட்டித் தாளில் பதிய வைப்பது. அந்தக் கைத்தடங்களை வெட்டி, வளைத்து அடுக்கி, 'குழந்தைகள்' என்ற ஒற்றைச் சொல்லை தாள் நிறைய வரும்படி ஆக்குவது. தூரத்தில் நின்றால் சொல் தெரியும். கிட்டே வந்தால் சொல் மறைந்து கைகள் தெரியும். கீழே சிறிய எழுத்தில் காப்பகத்தின் முகவரியும் ஒரு வரியும்: நாங்கள் முப்பத்திரண்டு பேர், வந்து பாருங்கள்.

புதுமையாக இருந்தது. எங்கள் காப்பகத்துக்கு மதுரையில்கூட இல்லாத ஒரு சுவரொட்டி என்பதும் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு மாதம் கழித்து மாதிரித் தாளைக் கொண்டு வந்து மேசைமேல் விரித்தான். நான் எழுந்து, நாலடி பின்னால் போய் நின்று பார்த்தேன். 'குழந்தைகள்' என்று திருத்தமாகத் தெரிந்தது. கிட்டே போய்க் குனிந்து பார்த்திருக்க வேண்டும். எனக்குக் குனிந்து பார்த்துப் பழக்கமில்லை. கையெழுத்துப் போட்டேன்.

அந்தச் சொல்லில் வரும் 'ழ' எழுத்துக்குக் கீழே சுழித்துக்கொண்டு போகும் வால் வேண்டியிருந்திருக்கிறது. முப்பத்திரண்டு கைகளில் ஒரு கை அதற்குத் தானாகவே பொருந்தியது என்று அவன் பிறகு சொன்னான். அதை மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரிதாக்கி வைத்தானாம்.

சீனியம்மாள் அங்கே இருப்பது எனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். ஒரு நாளும் மறந்ததில்லை. ஆனால் முப்பத்திரண்டு என்று ஒவ்வொரு வருடமும் நான் கையெழுத்திட்டாலும் என் மனதில் அங்கே முப்பத்தொரு பிள்ளைகள்தான். அவளையும் வரிசையில் நிறுத்தி, அவள் கையிலும் மை தடவுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. மில்லுக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கார் கண்ணாடி இறங்கியிருந்தது. கேட்டை ஒட்டிய சுவர்முன் ஒரு கூட்டம். எங்கள் மில்லில் லோடு ஏற்றும் பால்ச்சாமியும் இன்னொருவனும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நல்லா எண்ணுலே."

"எண்ணிட்டேன். ஆறு."

"இந்தச் சுத்துவட்டாரத்துல ஆறு விரலு எந்த வீட்டுல இருக்கு?"

"மெதுவாப் பேசுலே. சம்பளம் குடுக்குத கை அது."

"அதான் கேக்கேன். அந்தக் கை சம்பளம் மட்டுந்தான் குடுத்துச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரயில் வந்தது. நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

முதலில் சிறிய வழிகளைத்தான் பார்த்தேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சுவரொட்டிகளைக் கிழிக்கச் சொன்னேன். இரண்டே நாளில் ஒன்று விடாமல் கிழித்தார்கள். ஆனால் பசை காயுமுன்பே பலர் உரித்து எடுத்துப் போயிருந்தார்கள், பள்ளிக்கூடங்களில் மாட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜபாளையத்திலிருந்தும் செட்டியார்பட்டியிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் காப்பகத்துக்கு வர ஆரம்பித்தார்கள். பிஸ்கட், நோட்டுப் புத்தகம், பழைய துணி எல்லாம் வந்தன. கூடவே மடித்த சுவரொட்டியும் வந்தது. அதைத் தரையில் விரித்து, "இதுல ஒங் கை எதும்மா?" என்று பிள்ளைகளிடம் கேட்பது ஒரு விளையாட்டாகிவிட்டது. பிள்ளைகள் ஓடிவந்து தங்கள் கையை வைத்துக் காட்டினார்கள். சேதுபதி நினைத்தது நடந்தது. இருபது வருடமாக யாரும் பார்க்காத பிள்ளைகளை ஊரே வந்து பார்த்தது. எல்லாருக்கும் முதலில் பார்க்க வேண்டியிருந்தது 'ழ'வின் வாலாக இருந்த பெரிய கை. சீனியம்மாள் கூச்சமே இல்லாமல் கையை விரித்துக் காட்டுவாளாம். அதுவரை அவளை யாரும் தேடி வந்ததில்லை.

அந்த ஆவணியில் சுந்தரபாண்டியனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. பெண் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். பெண்ணின் பெரியப்பா சமுத்திரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பியைத் தொடவில்லை.

"சம்பந்தம் பேசின நாள்ல இருந்து ஒங்க கையைப் பத்தி எங்க வீட்டுல பெருமையாத்தான் பேசிக்கிட்டிருந்தோம்" என்றார். "இப்பம் அந்தப் பெருமையைப் பள்ளிக்கூடச் சுவத்துல பாத்துட்டு வாரேன்."

"அச்சுல வந்த கோளாறு. ரெண்டு பிள்ளை கை ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கு."

"அப்படின்னா சந்தோசம். ஒரு நடை பிள்ளையைப் பாத்துட்டா எங்க வீட்டுப் பொம்பளையளுக்கும் நிம்மதி."

"அடுத்த மாசம் மொத ஞாயிறு வாங்க. நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுதேன்" என்றேன். நாள் குறிக்கும்போதே என்ன செய்யவேண்டும் என்பது எனக்கு முடிவாகிவிட்டது.

அவர் போனபின் சுந்தரபாண்டியன் என் அறைக்கு வந்தான். நின்றுகொண்டே பேசினான்.

"அப்பா, அது நான் இல்ல."

"தெரியும்" என்றேன்.

அவன் மேசைமேல் இருந்த என் கையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு வெளியே போனான்.

ஆமாம், இன்ஸ்பெக்டர். எனக்குப் பிறந்த பிள்ளைதான். தாய் குருவம்மாள், எங்கள் மில்லில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவள். அவள் சம்மதித்தாளா என்று கேட்கிறீர்கள். நான் கேட்டு அந்த மில்லில் யாரும் மறுத்ததில்லை. பிள்ளை பிறந்தபின் கோவில்பட்டிப் பக்கம் மனைவி இழந்த ஒருவருக்கு அவளைக் கட்டி வைத்தேன். அவர் பிள்ளையை ஏற்கவில்லை. அதனால் பிள்ளை காப்பகத்துக்கு வந்தது. நான் யாரையும் தெருவில் விடவில்லை. என் தாயார் பெயர் எழுதிய கட்டடத்தில், என் அப்பா வாங்கிப் போட்ட பாத்திரத்தில் அவள் சாப்பிட்டாள். முறையாகப் பிறந்திருந்தால்கூட அதைத்தான் சாப்பிட்டிருப்பாள்.

தவசிமுத்து பட்டாளத்தில் மருத்துவப் பிரிவில் இருந்தவர். மில்லில் முதலுதவி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அழைத்துச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"எலும்பு இருக்குமே அய்யா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம். மரத்துப்போக ஊசி போட்டுப் பக்குவமாச் செய்வாக."

"அங்க சீட்டுப் போடுவான். தகப்பன் பேரைக் கேப்பான்."

"அய்யா, சின்னப் பிள்ளை."

"சின்ன விரல்தான்" என்றேன்.

அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். கடைசிவரை என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார், ஆனால் பேசமாட்டார்.

ஒரு புதன்கிழமை காலை நானே காரில் போய்ச் சீனியம்மாளை அழைத்து வந்தேன். டிரைவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் ரத்தினம் டீச்சரிடம், கையை டாக்டரிடம் காட்டப்போகிறேன் என்றேன். தலை சீவி, பொட்டு வைத்து அனுப்பினாள். காரில் ஏறுவது பிள்ளைக்கு அதுதான் முதல் தடவை. கொஞ்ச தூரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு ஸ்டியரிங்கில் இருந்த என் கையைப் பார்த்தாள்.

"பெரியய்யா, ஒங்களுக்கும் இருக்கு."

"ஆமா."

"எனக்குப் பெரியவளானா உதுந்துரும்னு எங்கூடப் படிக்குத செல்லத்தாய் சொன்னா. பால்பல்லு மாதிரி."

நான் கியரை மாற்றினேன்.

"ஒங்களுக்கு எம்புட்டு வயசாயிருச்சு. உதுரவே இல்லையே." கொஞ்சம் யோசித்தாள். "அப்பம் எனக்கும் உதுராது. செல்லத்தாய்க்கு ஒண்ணும் தெரியல."

அதற்குப் பிறகு ராஜபாளையம் வரும்வரை பாடிக்கொண்டே வந்தாள். என்ன பாட்டு என்று நினைவில்லை. பள்ளியில் சொல்லிக் கொடுத்ததாக இருக்கும்.

பஞ்சுக் கோடவுனை ஒட்டிய அறையில் வைத்துச் செய்தது. நான் பக்கத்தில் இருந்தேன். தவசிமுத்துவால் தனி ஆளாகச் செய்ய முடியாததால் அவளை நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மில்லில் பகல் ஷிப்டு ஓடிக்கொண்டிருந்தது. வெளியே எதுவும் கேட்கவில்லை. இதைக் கொடுமை என்று சேதுபதி எழுதியிருக்கிறான். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த விரல் அவளுடையதே இல்லை. அது எங்கள் வீட்டு விரல். மோதிரம் போட்டு, நாலு பேரைக் கூட்டி, இவன் எங்கள் பிள்ளை என்று சொன்னபிறகுதான் அது ஒருவருக்குச் சொந்தமாகும். அவளுக்கு அப்படி யாரும் செய்யவில்லை. வீட்டுப் பொருள் தவறி வெளியே போயிருந்தது; திரும்ப எடுத்துக்கொண்டேன்.

காப்பகத்தில், கை ஆணியில் கிழித்துவிட்டது, தையல் போட்டிருக்கிறது என்று சொல்லச் சொன்னேன். ரத்தினம் டீச்சர் கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒன்பது நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, மில்லுக்குப் போன் செய்தாள்.

"அய்யா, பிள்ளைக்கு வாயைத் தொறக்க முடியல. கஞ்சி உள்ள போகல. கழுத்து விறைக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்யா."

"நாளான்னைக்கு ஞாயிறு" என்றேன். "அவிய வந்து பாத்துட்டுப் போகட்டும். பொறவு கொண்டு போவோம்."

"அதுவரைக்கும் தாங்காதுய்யா."

"தாங்கும். எங்க" என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். எங்கள் வீட்டு உடம்பு என்று சொல்ல வந்தேன். அந்த அளவுக்கு அவள்மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. டாக்டர் காயத்தைப் பார்த்தால் முதலில் கேட்பதே விரலை வெட்டியது யார் என்றுதான் என்பது ரத்தினத்துக்குத் தெரியாது. நான் நாலையும் யோசிக்க வேண்டியவன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சமுத்திரமும் அவர் வீட்டுப் பெண்கள் இருவரும் வந்தார்கள். சீனியம்மாளை ஓர் அறையில், சன்னலைச் சாத்திப் படுக்க வைத்திருந்தார்கள். வெளிச்சம் பட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறது என்றார்கள். காய்ச்சல் என்று சொன்னேன். நானே உட்கார்ந்து கட்டை அவிழ்த்து, அவள் கையைத் தூக்கி விரித்துக் காட்டினேன். நான் தொட்டதும் உடம்பு முழுவதும் வில்லாக விறைத்தது. ஆனால் கை விரிந்துதான் இருந்தது. பெண்கள் எண்ணினார்கள். ஓரத்தில் காயம் என்ன என்று ஒருத்தி கேட்டாள். ஆணி என்றேன். சமுத்திரம் என் தோளைத் தொட்டு, "மனசுல வச்சுக்கிடாதீக" என்றார். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் போனதும் என் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னேன். சொன்ன சொல்லை நான் மீறவில்லை. மறுநாள் மதியம் இறந்துபோனாள். காப்பகத்தின் பதிவேட்டில் காய்ச்சல் என்று எழுதினோம்.

தகவல் வந்தபோது சுந்தரபாண்டியன் கூடத்தில் இருந்தான். கல்யாணப் பத்திரிகை மாதிரியைப் பார்க்கச் சொல்லி நீட்டினேன். வாங்கவில்லை. அன்று சாயங்காலம் இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனவன் திரும்பவில்லை. எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியாது. கல்யாணம் நின்றுபோனது. பிள்ளை செத்த அன்றைக்கே மகன் ஊரைவிட்டு ஓடினால் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்கே தெரியும். அப்படித்தான் பேசியது. எனக்காகச் சிலர் வருத்தப்படக்கூடச் செய்தார்கள். இப்படி ஒரு அப்பனுக்கு இப்படி ஒரு பிள்ளையா என்று என் காதுபடப் பேசினார்கள். நான் மறுக்கவில்லை. பெரியவர்கள் வீட்டு விஷயத்தை வெளியில் மறுத்துக்கொண்டு திரியமாட்டார்கள்.

சேதுபதியை ஒருமுறை கூப்பிட்டு, அந்தக் கை பதிந்த தாளைக் கொடுத்துவிடச் சொன்னேன். அவன் வைத்திருந்த முப்பத்திரண்டு தாளிலும் பென்சிலால் பெயர் எழுதி வைத்திருந்தான்.

"தர மாட்டேன்யா" என்றான். "எழுத்தைப் பிள்ளையளா ஆக்கணும்னு நெனச்சேன். நீங்க பிள்ளையை என்னவா ஆக்கினீகன்னு எனக்குத் தெரியும்."

அவன் மரியாதை குறைவாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். ரத்தினம் டீச்சர் வேலையை விட்டுப் போனபின் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். தாளும் அவள் வாக்குமூலமும் உங்கள் மேசையில் இருக்கின்றன. இரண்டும் உண்மை.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருவோம். நான் செய்தேன். நானே பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கு விடாமல் இரண்டு நாள் நிறுத்தி வைத்ததும் நான்தான். எந்தத் தண்டனையானாலும் வக்கீல் வைக்கமாட்டேன். இறந்த சிறுமியின் தகப்பன் பெயர் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது, அதை நிரப்பாமல் முடிக்க இயலாது என்றீர்கள். நான் முன்னால் சொன்னது நீங்கள் தெரிந்துகொள்வதற்காக, எழுதுவதற்காக இல்லை. சுந்தரபாண்டியன் என்று போட்டுக்கொள்ளுங்கள். ஊர் ஏழு வருடமாக அப்படித்தான் நம்புகிறது; புதிதாக யாருக்கும் தலைக்குனிவு வராது. அவனும் இந்தக் குடும்பத்தில் பிறந்தவன். கேட்டால் சம்மதித்திருப்பான்.